காத்து ஃப்ரீ தான், றெக்கை ஃப்ரீ இல்லையே! - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பக்கத்து ஓரமா சின்னதா ஒரு படம் போட்டிருந்தோம், சரக்குக் கப்பல் மேல ரெண்டு பெரிய றெக்கை நட்டுக்குத்தலா நிக்குற மாதிரி, கீழ "காத்துல எண்ணெய் மிச்சம்"னு ஒரே ஒரு வரி. அவ்ளோதான். அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நாங்க நெனைக்கவே இல்ல, அதனால இந்த வாரம் சினிமா கேள்வி, அரசியல் கேள்வி எல்லாம் ஓரமா வெச்சுட்டு முழுக்க கப்பல் தான். கோச்சுக்காதீங்க.

அந்தப் படத்துல இருக்கிறது நிஜக் கப்பலா இல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா? பழைய பாய்மரக் கப்பல் காலம் திரும்ப வருதா?
- பாளையங்கோட்டை வாசகர்

நிஜம் தாங்க. பேரு பிக்ஸிஸ் ஓஷன். மிட்சுபிஷி கார்ப்பரேஷனோட கப்பல், வாடகைக்கு எடுத்து ஓட்டினது கார்கில், அதான் தானியம் சோயா எல்லாம் உலகம் பூரா வாங்கி விக்கிற அமெரிக்க கம்பெனி. 80,000 டன் சரக்கு புடிக்கிற பல்க் கேரியர், அதாவது கோதுமை, நிலக்கரி மாதிரி மூட்டை கட்டாத சரக்கை அப்படியே கொட்டி ஏத்திக்கிட்டு போற வகை. 2023 ஆகஸ்ட்ல இந்த றெக்கைய மாட்டிக்கிட்டு சீனாவுல இருந்து பிரேசிலுக்கு கிளம்புச்சு. ஒவ்வொரு றெக்கையும் 37.5 மீட்டர் உயரம். துணி கிணியெல்லாம் கிடையாது, கெட்டியான றெக்கை, விமானத்து றெக்கைய கழட்டி நிக்க வெச்சது தான், அதே தத்துவம். டிசைன் பண்ணின பார் டெக்னாலஜீஸ் ஆளுங்க அமெரிக்காஸ் கப் பாய்ப்படகு ரேஸ் டீம்ல இருந்து வந்தவங்க, ஸோ காத்தை எப்படி பிடிக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனா பாய்மரக் காலம் திரும்புதான்னா, இல்ல. எஞ்சின் ஓடிக்கிட்டே தான் இருக்கும், காத்து எவ்ளோ தள்ளுதோ அந்த அளவுக்கு எஞ்சின் வேலைய குறைச்சுக்கலாம், வேகம் அதே தான் இருக்கும். முதல் 6 மாச ஓட்டத்துல சராசரியா ஒரு நாளைக்கு 3 டன் எண்ணெய் மிச்சம்னு கார்கில் சொன்னாங்க, காத்து சூப்பரா அமைஞ்ச நாள்ல 11 டன் வரைக்கும் போச்சாம். இந்த 3க்கும் 11க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய கொஞ்சம் கவனிங்க, நியூஸ்ல தலைப்பா வர்றது 11, கப்பல்காரர் நோட்டுல எழுதுறது 3.

வேற ஒரு வீடியோல கப்பல் மேல புகைக்கூண்டு மாதிரி நாலஞ்சு உருளை நின்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு உருளை சுத்துனா கப்பல் எப்படி சார் முன்னாடி போகும்? எங்க புரபசர்கிட்ட கேட்டேன், படிச்சுட்டு சொல்றேன்னாரு.
- இன்ஜினியரிங் மாணவர், சேலம்

உங்க புரபசர் நேர்மையான மனுஷன்.

அதுக்கு ரோட்டார் பாய்னு பேரு. ஸ்பின்னர் போடுற பந்து காத்துலயே ஒரு பக்கமா வளைஞ்சு போகுது பாருங்க, அதே விஷயம் தான் இங்க. சுத்துற பொருள் மேல காத்து அடிச்சா, சுத்தும் காத்தும் ஒரே திசைல போற பக்கம் காத்து வேகமாவும், எதிர்ப்பக்கம் மெதுவாவும் ஓடும், வேகமா ஓடுற பக்கம் அழுத்தம் குறையும், பொருள் அந்தப் பக்கமா இழுபடும். பந்து லேசு, அதனால அது வளைஞ்சு போயிடுது, உருளை டெக்ல, அதாவது கப்பலோட மேல்தளத்துல, போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதால கப்பலையே சேர்த்து இழுக்குது. இதை 1852ல ஆராய்ஞ்சு எழுதினவர் ஹைன்ரிக் மாக்னஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி, பீரங்கி குண்டு ஏன் வளைஞ்சு போகுதுன்னு பார்க்கப் போய் கண்டுபிடிச்சது.

முக்கியமான விஷயம், இழுப்பு காத்துக்கு குறுக்கா தான் வரும். அதனால காத்து பக்கவாட்டுல இருந்து அடிச்சா தான் கப்பல் முன்னாடி போகும், நேர் எதிர்க்காத்துல ஒண்ணும் உதவாது, அப்ப உருளைய நிறுத்தி வெச்சுட்டு சும்மா போக வேண்டியது தான். உருளைய சுத்த வைக்க ஒரு மோட்டார் வேணும், அதுக்கு கரன்ட் செலவு இருக்கு, ஆனா அது தர்ற இழுவைக்கு முன்னாடி அது கம்மி.

இதை கப்பல்ல முதல்ல மாட்டினது ஆன்டன் ஃப்ளெட்னர், இவரும் ஜெர்மன்காரர் தான். 1924ல புக்காவ்னு ஒரு பழைய பாய்மரக் கப்பலோட பாய் எல்லாத்தையும் எடுத்துட்டு ரெண்டு உருளைய நட்டாரு. 1925ல பால்டிக் கரைல இருக்கிற டான்சிக்ல இருந்து ஸ்காட்லாந்து வரைக்கும் ஓடுச்சு, 1926ல பாடன்-பாடன்னு பேரை மாத்திக்கிட்டு அட்லாண்டிக்கை தாண்டி நியூயார்க் போய் நின்னுச்சு. அதே வருஷம் பார்பரான்னு மூணு உருளை வெச்ச சரக்குக் கப்பல் வேற வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி!

அப்படின்னா நூறு வருஷமா ஏங்க தூங்கிட்டு இருந்தாங்க? எங்க தாத்தா தூத்துக்குடில இருந்து கொழும்புக்கு தோணில சரக்கு கொண்டு போனவரு, பாய் தான் அப்ப எல்லாம். அப்புறம் தோணிக்கும் எஞ்சின் வந்துருச்சு. காத்தை விட்டுட்டு எண்ணெய்க்கு போனது இப்ப திரும்ப காத்துக்கு வர்றதுக்கா?
- தோணிக்காரர் பேரன், தூத்துக்குடி

உங்க தாத்தா கதையும் ஃப்ளெட்னர் கதையும் ஒண்ணு தாங்க. எண்ணெய் மலிவா கிடைச்சா காத்தை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். புக்காவ் ஓடலைன்னு யாரும் சொல்லல, நல்லாவே ஓடுச்சு, ஆனா அப்ப டீசல் எஞ்சின் மலிவாவும் நம்பகமாவும் வந்துருச்சு, கூடவே 1929 பொருளாதார மந்தம், யாருக்கு உருளை வேணும்.

அடுத்த ரவுண்டு 1973லயும் 1979லயும் எண்ணெய் விலை எகிறினப்ப. ஜப்பான்காரங்க 1980ல ஷின் ஐடோகு மாருன்னு ஒரு சின்ன டேங்கர் கட்டினாங்க, கம்ப்யூட்டர் பார்த்து தானா திரும்புற பாய், அந்தக் காலத்துலயே. அதே நேரத்துல பிரான்ஸ்ல கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்தோ காத்தை உறிஞ்சி வேலை செய்யுற ஒரு வகை உருளைப் பாய் பண்ணினாரு, 1985ல அல்சியோன்னு ஒரு கப்பல் அதை மாட்டிக்கிட்டு அட்லாண்டிக் தாண்டுச்சு. எல்லாம் சரியா போய்க்கிட்டு இருந்தப்ப 1986ல எண்ணெய் விலை தடால்னு விழுந்துச்சு. கதை முடிஞ்சது.

ஸோ கண்டுபிடிப்பு இல்லாம நிக்கல. எண்ணெய் விலை ஏறினா பாயை வெளிய எடுக்குறது, இறங்கினா பரண்ல போடுறது, இப்படியே தான் ஓடியிருக்கு. இப்ப மூணாவது ரவுண்டு, இதுல ஒரு வித்தியாசம் இருக்கு, விலை மட்டும் இல்ல, சட்டமும் சேர்ந்துருக்கு. அதை அடுத்த கேள்வில சொல்றேன்.

நான் ஆடிட்டர். காத்து இலவசம், எண்ணெய் காசு. அப்ப எல்லா கப்பல்லயும் மாட்டிருக்கணுமே? உலகம் பூரா பல்லாயிரம் சரக்குக் கப்பல் ஓடுது, அதுல டஜன் கணக்குல தான் இது இருக்குன்னு படிச்சேன். எங்கயோ கணக்கு இடிக்குதே.
- கோவை வாசகி

மேடம், கரெக்டான இடத்துல கை வெச்சிருக்கீங்க. கணக்கு நிஜமாவே இடிக்குது, இடிக்கிற இடம் இன்ஜினியரிங்ல இல்ல, வாடகை ஒப்பந்தத்துல.

சரக்குக் கப்பல் தொழில்ல பெரும்பாலும் கப்பல் ஒருத்தருக்கு சொந்தம், அதை டைம் சார்ட்டர்னு மாசக்கணக்கு வருஷக்கணக்குல வாடகைக்கு எடுத்து சரக்கு ஓட்டுறது இன்னொருத்தர். இந்த ஒப்பந்தத்துல எண்ணெய் காசு யார் தலைல? வாடகைக்கு எடுத்தவர் தலைல. றெக்கை மாட்ட கப்பலை டாக்ல நிறுத்தி டெக்கை அறுத்து அடில பலப்படுத்தி மில்லியன் டாலர் கணக்குல செலவு பண்ண வேண்டியது யாரு? சொந்தக்காரர். ஒருத்தர் காசு போடணும், மிச்சம் ஆகுறது இன்னொருத்தர் பாக்கெட்டுக்கு. வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் சோலார் மாட்டுவாரா? மாட்ட மாட்டாரு இல்ல, அதே தான் இங்கயும்.

நம்பராவே போட்டுப் பாருங்க. எண்ணெய் டன் 500 டாலர்னு வெச்சுக்கங்க, விலை ஏறும் இறங்கும், சும்மா ஒரு கணக்குக்கு. பிக்ஸிஸ் ஓஷன் மாதிரி நாளைக்கு 3 டன்னு மிச்சம் புடிச்சா 1,500 டாலர். வருஷத்துல 250 நாள் கடல்ல ஓடுதுன்னா 3,75,000 டாலர். கேக்க நல்லா இருக்கு, ஆனா மில்லியன் கணக்குல போட்ட காசு திரும்ப வர பல வருஷம் ஆகும், அதுக்குள்ள வாடகைக்காரர் ரெண்டு மூணு பேர் மாறிடுவாங்க, கப்பலே கை மாறினாலும் மாறிடும். அடுத்து வர்றவர் அந்த றெக்கைக்கு கூடுதல் வாடகை தருவாராங்கிறது தான் கேள்வி. பிக்ஸிஸ் ஓஷன்ல இது எப்படி நடந்துச்சுன்னா வாடகைக்கு எடுத்த கார்கிலே கூட்டு சேர்ந்தாங்க, ஐரோப்பிய யூனியனோட ஆராய்ச்சி பணமும் உள்ள வந்துச்சு.

இங்க தான் சட்டம் வருது. 2024ல இருந்து ஐரோப்பிய யூனியன், தன்னோட துறைமுகத்துக்கு வர்ற பெரிய கப்பல் விடுற கார்பனுக்கு காசு கேக்குது. முதல் வருஷப் புகைல 40 சதவீதத்துக்கு, அடுத்த வருஷம் 70, 2026ல இருந்து முழுசுக்கும். வெளிநாட்டுல இருந்து வர்ற பயணம்னா அந்தப் பயணத்துல பாதி மட்டும் கணக்கு. ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிச்சா சுமார் 3 டன் கார்பன் டை ஆக்சைடு, ஸோ நீங்க மிச்சம் பண்ற ஒவ்வொரு டன்னுக்கும் எண்ணெய் காசும் மிச்சம், கார்பன் காசும் மிச்சம். 2025 ஜனவரில வந்த இன்னொரு ஐரோப்பிய எரிபொருள் சட்டத்துல பாய் வெச்ச கப்பலுக்கு தனியா 5 சதவீதம் வரைக்கும் சலுகையும் இருக்கு. உங்க கணக்கு இனிமே கொஞ்சம் கொஞ்சமா ஒத்துப்போகும்னு நான் நெனைக்குறேன். காத்து மாறல, பில் தான் மாறியிருக்கு.

சிங்கப்பூர் கடற்கரைல நின்னா தினமும் கன்டெய்னர் கப்பல் வரிசையா நிக்கும், ஒண்ணுல கூட பாயும் இல்ல றெக்கையும் இல்ல. ஏன்?
- சிங்கப்பூர் வாசகர்

ரெண்டு காரணம். முதல்ல இடம், கன்டெய்னர் கப்பல்ல டெக் முழுக்க பெட்டி அடுக்கிடுறாங்க, அதுல றெக்கை நட்டா அங்க இருந்த பெட்டிக்கான வருமானம் போச்சு, கரைல இருக்கிற கிரேனுக்கும் அது குறுக்க நிக்கும். டேங்கர்லயும் பல்க் கேரியர்லயும் டெக் காலியா இருக்கும். மெர்ஸ்க் பெலிக்கன்னு ஒரு டேங்கர்ல 2018ல 30 மீட்டர் உயரமான ரெண்டு ரோட்டார் வெச்சாங்க, ஒரு வருஷம் ஓட்டி, கப்பலை சோதிச்சு சான்று கொடுக்குற லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் சரிபார்த்த கணக்குல 8.2 சதவீதம் எரிபொருள் மிச்சம்னு வந்துச்சு. இரும்புத்தாது ஏத்துற பிரம்மாண்ட கப்பல்ல அஞ்சு ரோட்டார் வெச்சு ஓட்டுறாங்க, சரக்கு ஏத்துறப்ப தொந்தரவு இல்லாம மடிச்சுக்குற மாதிரி. நார்வே பக்கம் எஸ்.சி. கனெக்டர்னு ஒண்ணு, பாலத்துக்கு அடில போறப்ப 35 மீட்டர் உருளைய அப்படியே படுக்க வெச்சுட்டு போகும், வீடியோ கிடைச்சா பாருங்க, செம காட்சி.

ரெண்டாவது வேகம். கன்டெய்னர் கப்பல் வேகமா ஓடுறது, அதுக்கு எஞ்சின் சக்தி ஏகப்பட்டது வேணும், அதுல காத்து தர்றது சொற்பமா போயிடும். பொதுவா வேகத்தை 10 சதவீதம் குறைச்சாலே தேவைப்படுற சக்தி கால் பங்குக்கு மேல குறையுது, பல்க் கேரியர் ஏற்கனவே மெதுவா போறதால காத்தோட பங்கு அதுல பெருசா தெரியும்.

இன்னொண்ணு, நீங்க நிக்குற இடமே சரியில்லைங்க! பூமத்திய ரேகை பக்கம் காத்து சோம்பேறி. வட அட்லாண்டிக், வட பசிபிக், இங்க எல்லாம் தான் காத்து வாரி வழங்கும். மிட்சுய் ஓ.எஸ்.கே. கம்பெனியோட ஷோஃபு மாருன்னு ஒரு நிலக்கரி கப்பல், 2022ல வந்தது, அதுக்கு கம்பெனியே முன்கூட்டி சொன்ன கணக்கு ஜப்பான் - ஆஸ்திரேலியா ரூட்ல 5 சதவீதம், ஜப்பான் - அமெரிக்க மேற்குக் கரை ரூட்ல 8 சதவீதம். அதே கப்பல், அதே பாய், ரூட் மாறினா மிச்சமும் மாறுது.

முப்பந்தல்ல நிக்குற காத்தாடி மாதிரி கப்பல் மேலயே வெச்சு கரன்ட் எடுத்து மோட்டார் ஓட்டலாமே?
- நாகர்கோவில் வாசகர்

யோசனை வர வேண்டியது தான், ஆனா கட்டுப்படி ஆகாது. காத்துல இருந்து கரன்ட், கரன்ட்ல இருந்து மோட்டார், மோட்டார்ல இருந்து ப்ரொப்பெல்லர், ஒவ்வொரு படிலயும் கொஞ்சம் கொஞ்சமா சிந்தி கடைசில மிஞ்சுறது கம்மி. நேரா தள்ளுற காத்தை நேராவே தள்ள விட்டுட்டா போச்சு. எதிர்க்காத்துல அந்த காத்தாடியே கப்பலை பின்னாடி பிடிச்சு தள்ளும் வேற. ஆனா காத்தாடிக்கும் இதுக்கும் வேற வகைல சம்பந்தம் இருக்கு, 2010ல வந்த ஈ-ஷிப் 1ங்கிற நாலு ரோட்டார் கப்பலை கட்ட வெச்சது எனர்கான்ங்கிற ஜெர்மன் காத்தாடி கம்பெனி, தங்களோட காத்தாடி பாகங்களை ஏத்திக்கிட்டு போக!

பட்டம் கட்டி இழுக்குற கப்பல் ஒண்ணு வந்துச்சே, அது என்னாச்சு?
- மதுரை வாசகர்

பெலூகா ஸ்கைசெயில்ஸ். 2008ல ஜெர்மனில இருந்து வெனிசுலாவுக்கு கிளம்புச்சு, 160 சதுர மீட்டர் பட்டம். மேல போகப் போக காத்து பலமா இருக்கும், டெக்ல இடமும் அடைக்காது, யோசனை அருமை. ஆனா பெரிய பட்டத்தை நடுக்கடல்ல ஏத்தி இறக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல, போதாக்குறைக்கு அந்த கப்பல் கம்பெனி 2011ல திவாலாயிடுச்சு. பட்டக் கோஷ்டி அதுக்கப்புறமும் முயற்சி பண்ணாங்க, ஆனா ரோட்டார், றெக்கை அளவுக்கு அது பரவல.

எங்கட வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938ல பாய் விரிச்சு அமெரிக்கா வரைக்கும் போனது. இண்டைக்கு அப்பிடி முழுக்க பாயிலயே ஓடுற சரக்குக்கப்பல் எங்கயாவது இருக்கோ?
- யாழ்ப்பாண வாசகர்

இருக்குங்க, பிரான்ஸ்காரங்க தான் இதுல முன்னாடி நிக்குறாங்க. கிரேன் டி செயில்னு பிரிட்டனி பக்கத்து கம்பெனி 2020ல இருந்தே பாய்க்கப்பல்ல வைன் கொண்டு போய் நியூயார்க்ல இறக்கிட்டு காப்பி, கோகோ ஏத்திக்கிட்டு திரும்புது, ஆனா சின்ன கப்பல். பெருசுன்னா நியோலைனர் ஆரிஜின், 136 மீட்டர் நீளம், 3,000 சதுர மீட்டர் பாய், மணிக்கு 11 கடல் மைல் தான் வேகம். 2025 அக்டோபர்ல செயின்ட் நசேர்ல இருந்து பால்டிமோருக்கு முதல் பயணம், அதுலயே பின் பாய் மேல்பக்கம் சேதமாகி, மிச்ச தூரத்துக்கு எஞ்சின் துணையை கூடுதலா வாங்க வேண்டியதாச்சு. சிரிக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, அட்லாண்டிக் யாரையும் விட்டு வெக்காது. இன்னொரு சுவாரஸ்யம், கனோப்பேன்னு ஒரு கப்பல், ஐரோப்பாவுல இருந்து தென் அமெரிக்காவுல இருக்கிற கூரூ ஏவுதளத்துக்கு ஏரியன் 6 ராக்கெட் பாகங்களை கொண்டு போறது. நாலு றெக்கைப் பாய், கூடவே எஞ்சின். ராக்கெட்டே பாய் விரிச்சு தான் போகுது!

இதுல எல்லாம் ஏறுறது வைன், காப்பி, காக்னாக்னு விலை கூடின சரக்கு, கூடுதல் வாடகைய தாங்கும். சிமென்ட்டும் கோதுமையும் தாங்காது, அதனால தான் அதுக்கு எஞ்சின் + றெக்கைன்னு கலவை.

இதெல்லாம் கம்பெனிங்க பச்சை பெயின்ட் அடிச்சுக்குற வேலை தானே? 5 சதவீதம் மிச்சம் புடிச்சு உலகத்தை காப்பாத்திடுவாங்களாக்கும்.
- எரிச்சல் வாசகர், சென்னை

எரிச்சல் நியாயம், கணக்கு பாதி தான் நியாயம். உலகக் கப்பல் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு சுமார் 30 கோடி டன் எண்ணெய் எரிக்குது, மனுஷன் விடுற பசுமைக்குடில் வாயுல ஏறக்குறைய 3 சதவீதம் கப்பலோடது. அதுல 5 சதவீதம்னா ஒன்றரை கோடி டன் எண்ணெய், அது பெயின்ட் இல்ல. ஆனா ரெண்டு கப்பல்ல றெக்கை மாட்டி படம் புடிச்சுப் போட்டுட்டு மிச்ச கப்பலை பழையபடி ஓட்டுற கம்பெனி இருந்தா அதுக்கு பேரு பெயின்ட் தான், உங்க பக்கம் தான் நானும்.

பெரிய ஆட்டம் வேற இடத்துல. ஐ.நா.வோட கடல்சார் அமைப்பு 2050 வாக்குல கப்பல் புகைய நிகர பூஜ்யம் ஆக்கணும்னு 2023ல முடிவு பண்ணுச்சு. அதுக்கு பல்லு வெக்குற விதிய, அதாவது உலகம் பூரா கார்பனுக்கு விலைங்கிற ஏற்பாட்டை, 2025 அக்டோபர்ல ஓட்டுக்கு விட வேண்டியது, அமெரிக்கா கடுமையா எதிர்க்க, ஒரு வருஷம் தள்ளி வெச்சுட்டாங்க. அமோனியா, மெத்தனால்னு புது எரிபொருள் வந்தா விலை இப்ப இருக்கிறதை விட கூட தான் இருக்கும், அப்ப காத்துல மிச்சம் புடிக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மதிப்பு இன்னும் ஏறும். என் கட்சி அது தான்.

என் பையன் மெர்ச்சன்ட் நேவில கேடட்டா சேர்ந்திருக்கான். இனிமே பாய்மரத்துல ஏறச் சொல்லுவாங்களா? பயமா இருக்கு சார்.
- ஒரு அம்மா, ராமநாதபுரம்

பயப்படாதீங்கம்மா, ஏற சொல்ல மாட்டாங்க. எல்லாம் பட்டன் தான். பிக்ஸிஸ் ஓஷன் மாதிரி கப்பல்ல பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுற அறைல, ஒரு ஸ்க்ரீன் இருக்கும், டிராபிக் சிக்னல் மாதிரி கலர் காட்டும், எப்ப றெக்கைய தூக்கணும் எப்ப மடக்கணும்னு அதுவே சொல்லும், காத்துக்கு ஏத்த மாதிரி திரும்புறது தானா நடக்கும். ஷோஃபு மாருல பாய் அடுக்கடுக்கா நீண்டு 53 மீட்டர் வரைக்கும் எழும்பும், சுருங்கும், ஆள் தொட வேண்டியதில்ல.

பையன் புதுசா கத்துக்க வேண்டியது வேற. முன்னாடி அவ்ளோ பெரிய றெக்கை நின்னா பிரிட்ஜ்ல இருந்து பார்வை மறையும், ரேடார்லயும் மறைவு விழும், அந்த மறைவுல மீன்பிடி படகு இருக்கலாம், வாட்ச்ல நிக்குறவன் ரெட்டிப்பு கவனமா இருக்கணும். பக்கக்காத்துல கப்பல் லேசா சாயும், அதை கணக்குல எடுக்கணும். அப்புறம் வெதர் ரூட்டிங், நேர்கோட்டுல போகாம காத்து இருக்கிற பக்கமா கொஞ்சம் சுத்தி போனா லாபமா நஷ்டமான்னு பார்க்குற வேலை, அதுல கெட்டிக்காரனா இருந்தா நல்ல மதிப்பு இருக்கும். படிக்கிறப்பவே காத்து, நீரோட்டம் பாடத்தை மட்டும் தூங்காம கேக்கச் சொல்லுங்க.